ஒரே டோக்கன்

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தச் செருப்பு கவுண்டர்காரர் மேல் கோபப்படாதே. நம் இருவரையும் சேர்ந்தே வந்துபோனவர்களாகத்தான் அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை கடற்கரைப் பக்கம் ஒரு வேலை. முடிந்ததும், நாம் சேர்ந்து போய்வந்த அந்தப் புது மாடிக் கோயிலுக்குப் போனேன். செருப்பைக் கொடுத்தால் மனுஷர் டோக்கன் தரவில்லை.

"டீச்சரம்மா அப்பவே வந்துட்டாங்க சார். உங்களுதையும் அதே பையில போட்டுட்டேன். டோக்கன் அவங்ககிட்டதான் இருக்கு."

நாம் இப்போது ஒரே வீட்டில் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பின்னால் வரிசை வேறு. தலையை ஆட்டிவிட்டு லிஃப்டில் மேலே போனேன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கண்மூடி நின்றிருந்தாய். முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. நம் வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கதவைத் திறக்க மனம் வரவில்லை, அப்படியே இறங்கிவிட்டேன். பஸ் ஸ்டாப் வரை தார் ரோடு நன்றாகவே சுட்டது.

உன் பையில் என் செருப்பு இருந்த கதை இதுதான். பின்தொடர்ந்து வந்தேன் என்று நினைத்துவிடாதே.

அங்கேயே விட்டிருந்தால் போய் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் வாசலிலேயே கிடக்கட்டும். தனியாக இருக்கிறாய், என் செருப்பாவது அங்கே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நான்தான்