சிவப்பு முளை

அக்டோபர் 14

சுண்டு, என் மகளே, இன்று உன் கருமாதி. கேம்பஸ் முடித்து மண்ணை ஆராயும் வேலைக்குப் போனாய். லுணுகலைப் பக்கம் சரிவை அளக்கப் போன இடத்தில் மண்ணே சரிந்து உன்னை வைத்துக்கொண்டது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. சடங்குக்கு ஊன்ற எந்தக் கல்லை எடுப்பேன்? நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், மேட்டு வெடிப்புக்குக் கீழே நீ அடித்த சிவப்பு இரும்பு முளைக்கே மஞ்சள் பூசி, மாலை போட்டு, பால் ஊற்றினேன். உன் கை பட்டது அது.

அக்டோபர் 23

பக்கத்து வீட்டு வேலாயி அக்கா சிரிக்கிறாள். "கொழுந்து பறிக்கப் பெரட்டுக்கு வராம இரும்புக்குப் பால் ஊத்துறா பாரு!"

ஊத்துவேன்.

நவம்பர் 3

நேராக நின்ற முளை நம் வீட்டுப் பக்கம் தலை சாய்த்திருக்கிறது. நான் தொடவில்லை. மழையே இல்லை, மாலை நனைந்து கிடக்கிறது.

நவம்பர் 9

முளைக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே விறகு அடுக்கும் இடம் குறுகிவிட்டது. நாய் அந்தப் பக்கமே போவதில்லை. பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீர் மண் கலராக வருகிறது. எனக்குப் பயமில்லை. நீதானே வருகிறாய்? உன் அப்பாவிடம் சொன்னேன். "சும்மா இரு புள்ள" என்று அழுதார்.

நவம்பர் 15

உன்னோடு வேலை செய்த றிஸ்னியும் ரஜீவும் அளக்க வந்தார்கள். மாலையைப் பார்த்ததும் ரஜீவ் தலையில் கை வைத்தான். "ஆட்டிட்டீங்களாம்மா? அளவெல்லாம் போச்சே!"

"தொடலப்பா. அவதான் வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கா."

றிஸ்னி சிரிக்கவில்லை. வெடிப்புக்கு மேலே நீ அடித்த இன்னொரு முளையிலிருந்து இதுவரை அளவு நாடா பிடித்தாள். மறுபடியும் பிடித்தாள். நாடாவைச் சுருட்டாமலே என்னிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, மேடே வருது. எல்லாரும் இன்னிக்கே எறங்கணும்."

வரமாட்டேன் என்றேன். புள்ள வரும்போது கதவு சாத்திக் கிடக்கலாமா?

என் கையைப் பிடித்தாள். "இத எதுக்கு அடிச்சேன்னு சுண்டு உங்ககிட்ட சொல்லலயா?"

சொன்னாய். "இது அசைஞ்சா ஓடிறணும்மா." சொன்னாய்தானே.

நவம்பர் 16

லயத்து ஆட்கள் எல்லாரும் இறங்கிக் கோயிலில், நானும்தான். மழை பிடித்துக்கொண்டது.

நவம்பர் 19

மேடு சரிந்துவிட்டது. லயம் இல்லை. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. வேலாயி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை.

அப்பா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். நம் வீட்டு வாசற்படி மட்டும் தெரிகிறதாம். அதை ஒட்டி உன் முளை, நேராக. நான் கடைசியாகப் போட்ட மாலைகூட அறுந்துபோகவில்லையாம்.

வாசல் வரைக்கும் வந்தியே சுண்டு — நாங்க எறங்கிட்டமான்னு பாத்துட்டுத்தான் வந்தியா?