பாஸ்கோவின் கழுத்துப் பை

அக்கா,

மதியம் மாலுமி பாஸ்கோ வருவான். உப்பு மீனும் பார்லி ரொட்டியும் அடுப்பருகே இருக்கின்றன, கொடு. அவனோடு உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. நான் துறைமுகம் போகிறேன்.

என் மனைவி வில்மட் பிறந்தபோது அவள் தலையை மூடியிருந்த சவ்வை, வைத்திருப்பவரைத் தண்ணீரில் மூழ்கவிடாது என்று அவள் அம்மா காயவைத்துக் காத்தாளே, அது தொலைந்துவிட்டது என்று வில்மட் சொன்னாள் அல்லவா? நேற்று பாஸ்கோ தன் கழுத்துப் பையைத் திறந்து அதைக் காட்டினான்.

"கப்பல் மூழ்கி எல்லாரும் போயிட்டாங்க வாத்தியாரே. இது இருந்ததால நான் மட்டும் பொழச்சேன்."

வில்மட் ஆற்றைக் கடக்கும்போதே மூழ்கி இறந்தாள்.

அவளாகக் கொடுத்தாளா, இவன் கேட்டு வாங்கினானா என்று கேள்.

டிகரி

பி.கு.: கேட்காதே. அவளாகக் கொடுத்தாள் என்றால் தாங்கமாட்டேன். பையையும் திருப்பி வாங்காதே. திங்கட்கிழமை மறுபடி கப்பலேறுகிறான். அவன் பிழைக்கவேண்டும் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள்.