மீசைக்கு ஊற்றிய தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வந்ததும் தண்ணீர் அறை, மெஷின்களுக்கு நான் தண்ணீர் சுத்திகரிக்கிற இடம். மீட்டரில் கிட்டத்தட்ட பூஜ்யம். உப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை, குளோரின் இல்லை. இந்த டயாலிசிஸ் மையத்தில் மெஷின் மக்கர் பண்ணியிருக்கிறது, மின்சாரம் போயிருக்கிறது, டாக்டர் லீவு போட்டிருக்கிறார். என் தண்ணீரை மட்டும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

அண்ணனுக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடும் என்பதால் இங்கே டயாலிசிஸுக்கு வருகிற அண்ணியை எப்போதும் சீக்கிரமே இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். அண்ணியும் நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் மீன் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுகிறார்கள். தொட்டியில் ஒரே ஒரு கெளுத்தி மீன், ஒரு சாண் நீளம். மீசை என்று பெயர் வைத்ததும் அண்ணிதான்.

“தம்பி, மீசை இளைச்சுப் போயிட்டான், பாரு.”

“வயிறு உருண்டையாத்தானே இருக்கு? நல்லா தின்னுட்டுப் படுத்திருக்கான்.”

“வயித்த மட்டும் பாத்தா ஆச்சா?”

வாதாட எனக்கு நேரமில்லை. நாலாவது மெஷின் கத்திக்கொண்டிருந்தது.

மார்ச் 6, வியாழன்

போட்ட தீனி அப்படியே அடியில் கிடக்கிறது. ஊறிப்போய், பஞ்சு மாதிரி. அண்ணி சொன்னது சரிதான்.

மார்ச் 8, சனி

வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, “பக்கவாட்டுல எடுத்திருக்கீங்க சார். கெளுத்திய மேலேருந்து பாக்கணும்” என்றார். திரும்பி வந்து மூடியைத் திறந்து மேலிருந்து பார்த்தேன். அடக் கடவுளே. தலை மட்டும் அகலமாக இருக்கிறது, அதற்குப் பின்னால் உடம்பு என்று ஒன்றுமே இல்லை. முதுகெலும்பு வரப்பு கட்டியிருக்கிறது. இத்தனை நாள் பக்கத்திலிருந்து பார்த்து ‘உருண்டை, உருண்டை’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுபடியும் கடைக்கு ஓடினேன். வயிற்றில் பூச்சியாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார். செதில் இல்லாத மீனாம், பாதி அளவுதான் போட வேண்டுமாம்.

மார்ச் 11, செவ்வாய்

மருந்து போட்டாச்சு. தீனி அடியில்தான் கிடக்கிறது.

மார்ச் 15, சனி

மருந்து இரண்டாம் முறை. மீசை மூலையை விட்டு நகரவில்லை. தொட்டித் தண்ணீரை, குளோரின், சுண்ணாம்பு இருந்தால் காட்டுகிற என் பரிசோதனைப் பட்டைகளை வைத்துப் பார்த்தேன் — எல்லாமே பாஸ். பிறகென்ன கேடு இவனுக்கு?

அண்ணி வாசல் படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினார்கள். “ராத்திரி தலையணைய ரெண்டா வச்சுப் படுக்குறேன். படுத்தா ஏதோ அமுக்குற மாதிரி இருக்கு” என்றார்கள். டயாலிசிஸ் முடிந்து எடை பார்த்தோம். எப்போதும்போல ஐம்பத்து நாலு. அவர்களுக்கு டாக்டர் குறித்து வைத்த எடை அதுதான்: கூடுதல் நீரை எல்லாம் எடுத்த பிறகு அதில் வந்து நிற்க வேண்டும். “பாத்தீங்களா, அதே அம்பத்து நாலு. வாயைக் கட்டினதுக்குப் பலன்” என்றேன். அண்ணி தொட்டிப் பக்கம் திரும்பினார்கள். மீசை சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

புதிதாகச் சேர்ந்த இரண்டு நர்ஸுகளுக்குத் தண்ணீர் அறையைச் சுற்றிக் காட்டினேன். எப்போதும் ஒப்பிக்கிற பாடத்தை ஒப்பித்தேன். “இவ்வளவு சுத்தமான தண்ணிய அப்படியே விட்டுடக் கூடாது. உப்பு, சோடா எல்லாம் அளவாக் கலந்துதான் மெஷினுக்குப் போகணும். வெறும் தண்ணி ரத்தத்துக்குப் பக்கத்துல போச்சுன்னா, செல்லு அதை உறிஞ்சி உப்பி வெடிச்சிடும்—”

பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பெண்கள் இரண்டு பேரும் முழித்தார்கள்.

தொட்டியில் என்ன தண்ணீர்? இதே தண்ணீர். போன வருடக் கடைசியில், கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகக் கறை படிகிறது என்று, துப்புரவு பார்க்கும் அக்கா கையிலிருந்த குழாய்த் தண்ணீர் வாளியை வாங்கி வைத்துவிட்டு, “இனிமே நானே ஊத்துறேன், நம்ம தண்ணிய” என்று சொன்னவன் யார்? நான்தான். கண்ணாடி பளபளவென்று ஆனது. வருகிறவர்கள் எல்லாம் தொட்டி புதுசா என்று கேட்டார்கள். எனக்கு ஒரே பெருமை.

பூச்சியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மீசை இத்தனை மாதமாக வெறும் தண்ணீரில் கிடக்கிறான். உடம்பில் இருந்த சத்தெல்லாம் வெளியே போயிருக்கிறது, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த உருண்டை வயிறு தின்று வந்தது இல்லை. பட்டையில் எல்லாம் பாஸ் என்று வந்ததே, அதுதான் நோய். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற எனக்கு இது உறைக்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

மார்ச் 19, புதன்

திடீரென்று மாற்றினால் செத்துப்போவான். குளோரின் போக நேற்றே பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரை உயரத்தில் வைத்து, சலைன் ட்யூபை மாட்டி, சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விட்டேன். துப்புரவு அக்கா வந்து பார்த்துவிட்டு, “மீனுக்கும் ட்ரிப்ஸா சார்?” என்றார். “அந்தப் பழைய வாளிய நாளையிலேருந்து நீங்களே கொண்டாங்க” என்றேன். சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 22, சனி

வெளிச்சம் இருந்தால் வெளியே வர மாட்டேன் என்கிறான். அதனால் தொட்டி மேல் ஒரு நீலப் போர்வையைப் போர்த்தினேன். அண்ணி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, போர்வை ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தபடியே இருந்தார்கள். திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

“வாயில வச்சுட்டான்! தம்பி, முழுங்கிட்டான்டா!”

ஒரே ஒரு துண்டுதான். ஹாலில் இருந்த எல்லாருமே சிரித்தார்கள். அண்ணி என்னை ‘டா’ போட்டது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

மார்ச் 25, செவ்வாய்

இன்றைக்கு எழுதாமல் தூங்க முடியாது.

அண்ணியை மெஷினில் போட்டுவிட்டு ஊசியைச் சரிபார்க்கக் குனிந்தேன். மேலிருந்து பார்த்தேன். கழுத்தெலும்புக்கு மேலே இரண்டு பக்கமும் குழி. நெற்றியின் இரண்டு ஓரமும் உள்ளே போயிருக்கின்றன. தோள் எலும்பு போர்வைக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது. மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறது. “என்ன அண்ணி இது?” என்று கேட்டேன். “கழண்டு கழண்டு விழுது. கை கழுவுறப்ப ஒரு நாள் போயிடும்னு சுத்தி வச்சேன்” என்றார்கள்.

எடை மட்டும் அதே ஐம்பத்து நாலு.

அப்படியானால் போன சதைக்குப் பதிலாக உள்ளே இருப்பது என்ன? தண்ணீர். கால் சதை மேல் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது, எழும்பவே இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் என் கண் முன்னாலேயே வந்து போகிற மனுஷி. தராசைப் பார்த்தேனே ஒழிய ஆளைப் பார்க்கவில்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இனி கொஞ்சம் கொஞ்சமாக நீரை அதிகம் எடுத்து எடையைக் கீழே கொண்டுவர வேண்டும். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “என்னம்மா சாப்பிடுறீங்க?” என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார்கள்.

“கஞ்சி. உப்பு போடாம.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். பழம் கூடாது, பருப்பு கூடாது, பால் கூடாது, முட்டை கூடாதுன்னு தம்பி சொல்லிச்சு.”

போன வருடம் ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு மோசமாக வந்தபோது அப்படிச் சொன்னேன்தான். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னேன். திரும்பச் சாப்பிடலாம் என்று சொன்னேனா? இல்லை. ஒவ்வொரு தடவையும் முடிவு நன்றாக வர வர, வாயைக் கட்டுங்க, இன்னும் கட்டுங்க என்றுதான் சொல்லியிருக்கிறேன். அண்ணன்கூட ஒரு நாள் போன் பண்ணி, “அவ தட்டப் பாத்தா எனக்குப் பாவமா இருக்குடா” என்றான். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு என்று அவன் வாயை அடைத்தேன்.

மீசைக்கு என்ன செய்தேனோ அதையேதான் அண்ணிக்கும் செய்திருக்கிறேன். கூடாதது எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்தேன். என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஐயோ, சொந்த அண்ணி.

மார்ச் 27, வியாழன்

மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். ட்யூபைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். அண்ணியே பேசினார்கள்.

“எனக்குப் பசிச்சுது தம்பி. ஆனா நீ நல்லதுக்குத்தான் சொல்லுவேன்னு இருந்தேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எடை ஐம்பத்து இரண்டரை. அண்ணி ஒரே தலையணையில் படுத்துத் தூங்கினார்களாம்.

ஏப்ரல் 5, சனி

மையத்தில் உணவு ஆலோசனை சொல்கிற அம்மா அண்ணியோடு வெகுநேரம் உட்கார்ந்து பேசினார். முட்டை வெள்ளை சாப்பிடலாம், மீன் சாப்பிடலாம், பழத்தில் இன்னின்னது சாப்பிடலாம். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் அண்ணி ஒரு டப்பாவில் முட்டை வெள்ளை கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. “வயிறு சாப்பிடவே மறந்துபோச்சு” என்று மூடி வைத்துவிட்டார்கள்.

மீசையும் நேற்று ஒரு துண்டு, இன்றைக்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 12, சனி

காலையில் போர்வையை எடுத்தேன். மீசை அடியில் சாய்ந்து கிடந்தான். தண்ணீர் சரி, மருந்து சரி, தீனி சரி. நாள்தான் கடந்துபோயிருக்கிறது. பின்பக்கம் செடிக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தேன். துப்புரவு அக்கா மண்ணைத் தள்ளிவிட்டார்.

அண்ணி வருவதற்குள் போர்வையை மறுபடியும் போர்த்திவிடலாமா என்று நினைத்தேன். அப்படியே செய்தும் விட்டேன். கோழை. அவர்கள் வந்ததும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். வெகு நேரம் பார்த்தார்கள்.

“எப்போ?”

“காலையில பாத்தேன் அண்ணி.”

நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். ஹாலில், அத்தனை பேர் முன்னாலும். ஒரு மீனுக்கு என்று நினைத்திருப்பார்கள். அண்ணிக்குத் தெரியும். கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்தார்கள். மீசை இல்லாத தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக மென்றார்கள். நடுவில் குமட்டியது, நிறுத்திவிட்டு மறுபடியும் மென்றார்கள். முட்டை வெள்ளை முழுவதையும். முடித்துவிட்டு டப்பாவைத் திருப்பி எனக்குக் காட்டினார்கள்.

“பாத்துக்கோ” என்றார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எடை ஐம்பத்து ஒன்று. கால் வீக்கம் இல்லை. இதுதான் அண்ணியின் உண்மையான எடை. இவ்வளவுதான் இருந்திருக்கிறார்கள்.

மே 10, சனி

டாக்டர் அண்ணியின் காலை அழுத்திப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். மேலிருந்து நானும் பார்த்தேன். பிறகு, எடையை அரைக் கிலோ கூட்டி எழுதச் சொன்னார். தண்ணீர் இல்லை, சதை.

மோதிரத்தில் நூல் இன்னும் இருக்கிறது.

“அண்ணி, அரைக் கிலோ ஏறியிருக்கீங்க.”

அண்ணி தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் வேறு மீன் வாங்கவில்லை. கண்ணாடியில் வெள்ளைக் கறை லேசாகப் படிய ஆரம்பித்திருக்கிறது.

“மீசையோட பங்கையும் சேத்து நான் தின்னுட்டேன் போல.”

சிரித்தேன். அப்புறம் தண்ணீர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.