பாடைச்சுழிக் குட்டியும் ஜெர்மனிப் பயணமும்

என் உசுருக்கு நிகரான மாப்ள ஆரோக்கியம்,

நான் சொல்லச் சொல்ல உன் மக ஸ்டெல்லா எழுதுறா. எனக்குக் கையெழுத்துப் போடக்கூட வராதுன்னு உனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா எனக்கு வந்த கடுதாசி அம்புட்டையும் படிச்சுச் சொன்னவன் நீ. இப்ப உனக்கே ஒண்ணு போட வேண்டியதாப் போச்சு. கல்லறைத் திருநாளுக்கு வர்ற பங்குக் கோயில் மடல்ல இதைப் போடப் போறாளாம். போடட்டும். ஊரும் கேக்கணும்னுதான் சொல்றேன். ஒரு சொல்லையும் மாத்தக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்.

ஜெர்மனிக்குப் போயிட்டு வந்துட்டேன் மாப்ள.

நீ போயிருக்க வேண்டிய பயணம் அது. பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிஞ்சதும் நாகமலை புதுக்கோட்டையிலேர்ந்து பஸ் பிடிச்சு, சமயநல்லூர்ல இறங்கி, என் தோப்புக்கு நடந்து வருவ. நம்ம பொட்டைக் குதிரை செம்பி நடக்குறதைப் போன்ல படம் பிடிப்ப. அந்தப் படத்தைப் பார்த்துட்டு ஜெர்மனியில குதிரை பழக்குறவங்க யாரோ எழுத, நீ பதில் எழுத, அப்படியே ரெண்டு வருஷம் ஓடிருச்சு. டிரஸ்ஸாஜ், டிரஸ்ஸாஜ்னு ஒரே பேச்சு. அடிக்காம, அதட்டாம, மேல உக்காந்திருக்கவன் இடுப்பு அசையுறதை வச்சே குதிரை நின்ன இடத்துல தாளம் தப்பாம காலெடுத்து வைக்கும்ன. கல்யாண ஊர்வலத்துல ஆடுற குதிரையை இங்க எப்படிப் பழக்குறாங்கன்னு பார்த்தவங்கதானே நாம. காலைக் கட்டி, முள்ளுக் கடிவாளம் போட்டு வாயைப் புண்ணாக்கி. அது நம்ம குதிரைக் கொட்டாரத்துக்கு வேணாம்னுதான் நீ இதைத் தேடிப் பிடிச்ச.

அவங்க நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. பாஸ்போர்ட்டுக்கு என்னைப் பெருவிரல் வைக்கக் கூட்டிட்டுப் போனதும் நீதான். அப்புறம் ஆனி மாசம் நீ ஒரேயடியாக் கிளம்பிட்ட. உன் இடத்துல ஸ்டெல்லா வந்தா.

அதுக்கு முன்னாடி அந்தக் குட்டி விஷயத்தைச் சொல்லியாகணும்.

பங்குனியில எனக்குக் கண் ஆபரேஷன். செம்பி நெறமாசம். பார்த்துக்க ஆளில்லைன்னு அவளை உன் வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போன. அங்கதான் குட்டி போட்டா. ஆம்பளைக் குட்டி பிறந்தா உனக்குன்னு முன்னமே பேசினதுதான், அப்படியே பிறந்துச்சு. கண் தெளிஞ்சு சித்திரையில நான் பார்க்க வந்தா, அந்த வெயில்ல குட்டி முதுகுல ஒரு சாக்கு. ஏன்டான்னு கேட்டா கொசுக்கடின்ன. அடுத்த தடவை ஈ மொய்க்குதுன்ன. அதுக்கடுத்த தடவை பழக்கம் மச்சான், நாளைக்குச் சேணம் போடணும்லன்ன. நானும் நம்பினேன்.

மயிர்ச்சுழி பார்க்காம நான் ஒரு குதிரையும் வாங்கினதில்லை. பிடரியில என்ன சுழி, நெத்தியில என்ன சுழின்னு உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்துட்டுத்தான் மத்த பேச்சு. அதை நீ எம்புட்டு கிண்டல் பண்ணுவ. மச்சான் குதிரைக்கு ஜாதகம் எழுதுறாருன்னு சொல்லிச் சிரிப்ப.

உன்னை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு, வாசல்ல அம்புட்டுச் சனம் உக்காந்திருக்கு. கொல்லையில மிரண்ட குட்டி கயித்தை அத்துக்கிட்டு முன்னாடி ஓடி வந்துச்சு. சாக்கு நழுவி விழுந்துருச்சு. முதுகுல ரெண்டு பக்கமும், நேருக்கு நேரா, பாடைச்சுழி. அது இருக்குற வீட்ல பாடை கட்டுவாங்கன்னு எங்கப்பன் காலத்துலேர்ந்து கேட்டு வளர்ந்தவன் நான். எல்லார் முன்னாடியும் உன் சம்சாரம் எமிலியைப் பார்த்து, "தங்கச்சி, இந்தக் குட்டிதான் அவனை வாங்கிருச்சு"ன்னுட்டேன்.

அன்னியிலேர்ந்து எமிலி கொல்லைப் பக்கமே போகலை மாப்ள. ஸ்டெல்லாதான் தண்ணி காட்டினா. குட்டியை வித்துரணும்னு எமிலி தரகருக்குச் சொல்லிவிட்டிருந்தா. நாங்க ஊர் திரும்பின மறு ஞாயித்துக்கிழமை வந்து பிடிச்சுட்டுப் போறதாப் பேச்சு.

இந்தப் பாரத்தோடதான் நான் பிளேன் ஏறினது.

அந்த ஊர்க்காரங்க நல்ல மனுசங்க. பத்துப் பேர் இருப்பாங்க, முக்காவாசி கிழடுகட்டை. லாயத்துல உன் படத்தை வச்சு மெழுகுவத்தி ஏத்தியிருந்தாங்க. செம்பி படத்தைக் காட்டினா, காது ரெண்டும் நுனியில எப்படி முட்டுதுன்னு போனைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தாங்க. குதிரை ஓட்டுற கொட்டகையில தரை மணல்ல துணித் துணுக்கைக் கலந்து போட்டிருக்காங்க. காலுக்கு மெத்துன்னு இருக்கணுமாம். நான் ஒரு பிடி அள்ளிப் பைக்குள்ள போட்டேன். மாமா, ஏர்போர்ட்ல பிடிப்பாங்கன்னு ஸ்டெல்லா திரும்பக் கொட்ட வச்சுட்டா.

ஹில்டான்னு ஒரு அம்மா. எழுபதுக்கு மேல. முட்டி வலியில தரையில ரெண்டு எட்டு வைக்க முடியலை, முக்காலி போட்டுத்தான் குதிரை மேல ஏறுது. ஏறி உக்காந்ததும் நீ சொன்ன அத்தனையும் நடந்துச்சு மாப்ள. கையும் அசையலை, காலும் அசையலை. அம்மாம் பெரிய கருங்குதிரை நின்ன இடத்துலேயே காலை மாத்தி மாத்தித் தூக்கி வைக்குது. சத்தமே இல்லை. குதிரை மூச்சு விடுறது மட்டும் கேக்குது. உனக்குக் காட்ட முடியலையேன்னுதான் இருந்துச்சு.

இறங்கிச் சேணத்தைக் கழட்டினாங்க. அதே இடத்துல, அதே சுழி. ரெண்டு பக்கமும்.

இந்தக் குதிரை எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்குன்னு ஸ்டெல்லாவை இங்கிலீஷ்ல கேக்கச் சொன்னேன். பத்தொன்பது வருஷமாம். வீட்ல யாராச்சும் செத்தாங்களான்னு கேளுன்னேன். ஸ்டெல்லாவுக்குக் கூச்சம், இருந்தும் கேட்டா. புருஷன் செத்துட்டாராம். பாத்தியா புள்ளைன்னேன் நான். அந்த அம்மா கோவிச்சுக்கலை. அவருக்கு எண்பத்தி நாலு வயசு, அவர் போனப்புறம் இவனுக்குத் தீவனம் வைக்கணுமேன்னுதான் காலையில எந்திரிச்சேன்னு சொல்லுச்சாம். சொல்லிட்டு, உங்க சிநேகிதர் எதனால இறந்தாருன்னு என்னைக் கேட்டுச்சு.

மூச்சு வாங்கி, நெஞ்சடைச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். ஸ்டெல்லா அதை அந்தம்மாவுக்குச் சொல்லாம என்னையே பார்த்தா.

"மாமா, அப்பாவுக்கு மூச்சு வாங்குறது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல வரலை. "அவன் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும்த்தா."

சித்திரையிலேயே பார்த்தேன் மாப்ள. ரோட்டுலேர்ந்து தோப்புக்கு வர்றதுக்குள்ள மூணு எடத்துல உக்காந்த. ஒரு தடவை வரப்புல உக்காந்து செருப்புல கல்லு ஏறிருச்சுன்னு உதறின. கல்லு இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா டாக்டரு பயணம் வேணாம்னுருவாரோன்னு நீ பயந்த. நீ வரலைன்னா நான் எப்படித் தனியாப் போறதுன்னு நானும் பயந்தேன். ரெண்டு பேரும் பேசாம இருந்துட்டோம். நான் வாய் திறந்திருந்தா நீ இருந்திருப்பியா? யாருக்குத் தெரியும். குதிரை முதுகுல ஆயிரம் பார்க்கத் தெரிஞ்சவன், உன் மூஞ்சியைப் பார்த்துட்டும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

ஸ்டெல்லா அன்னிக்கு என்கூடப் பேசலை. மறுநாள் காலையில டீ கொண்டாந்து வச்சா. அம்புட்டுதான்.

ஊர் வந்து, அந்த ஞாயித்துக்கிழமை பூசை முடியுற நேரத்துக்குக் கோயில் வாசல்ல போய் நின்னேன். நாலு பேர் முன்னாடி சொன்ன சொல்லை நாலு பேர் முன்னாடிதானே எடுக்கணும். எமிலி வெளிய வந்தா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு தங்கச்சி, குட்டி மேல ஒரு பாவமும் இல்லைன்னு சொல்லி, ஹில்டா அம்மா குதிரை கதையையும் சொன்னேன்.

"கடல் தாண்டிப் போய் ஒரு வெள்ளைக்காரி குதிரையைப் பார்த்தாத்தான் உங்களுக்கு ஏறுமாண்ணே? இதையேதானே அவரு உங்ககிட்டக் காலம்பூரா சொன்னாரு"ன்னா. சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க. நல்லா வேணும் எனக்கு.

அதுக்கப்புறம்தான் மத்ததைச் சொன்னேன். மூணு எடத்துல உக்காந்ததை. செருப்பை உதறினதை. யாரும் சிரிக்கலை.

எமிலி முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டா. அப்புறம் மெதுவா, "எனக்கும் தெரியும்ணே. மூணு தலகாணி வச்சுத்தான் படுத்தாரு. கேட்டா வாயுன்னாரு, நானும் விட்டுட்டேன். குட்டிதான் வாங்கிருச்சுன்னு நீங்க சொன்னப்ப, எனக்கு லேசா இருந்துச்சு"ன்னா.

நாலு மாசமா ஒரு வாயில்லாச் சீவன் எங்க ரெண்டு பேர் பாவத்தையும் சுமந்துக்கிட்டு நின்னிருக்கு மாப்ள.

தரகரைத் திருப்பி அனுப்பியாச்சு. எமிலி கொல்லைக்குப் போய், அந்தச் சுழி மேலேயே கையை வச்சுத் தேய்ச்சுவிட்டா. குட்டிக்குக் கூச்சம், தோலைச் சிலிர்த்துச்சு. கடிவாளம் பழக்குறதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அவசரப்பட மாட்டேன்.

இன்னொரு சேதி. போன வாரத்துலேர்ந்து எனக்கும் மாடிப்படி ஏறினா மூச்சு முட்டுது. செருப்புல கல்லுன்னு யார்கிட்டயும் சொல்லலை. அன்னிக்கே ஸ்டெல்லாகிட்டச் சொல்லிட்டேன். அவ இதை எழுதுறப்ப நிறுத்தி என்னைப் பார்க்குறா. திங்கக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறோம். அவரு கேக்குறது எல்லாத்துக்கும் உள்ளதைச் சொல்லுவேன். இது உனக்குக் கொடுக்குற வாக்கு மாப்ள.

உன் மனைவிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்னிக்கும் மச்சான்,
பாண்டி
(பெருவிரல் ரேகை)