தலையணைச் சின்னமும் உன் பேரும்

தி.நகர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், உங்க அப்பா தேர்தலில் நிற்பதைத் தவிர வேறு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு நடமாடி, நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கத் திருச்செந்தூரான் துணை. போனில் பேசாமல் ஏன் லெட்டர் என்று நினைப்பாய். மகளிரணி வாட்ஸ்அப் குழு தொடங்கவென்று கட்சியின் வட்டச் செயலாளர் வெள்ளைத்துரை என் போனை வாங்கிக்கொண்டு போனவர்தான், பத்து நாளாகத் திருப்பித் தரவில்லை. மகளிரணி என்பதே நானும் அவர் வீட்டம்மாவும்தான், இதற்கு எதற்கு ஒரு குழுவோ.

நம் ஜவுளிக்கடை முதலாளியான உங்க அப்பா இப்போது மயிலாப்பூர் தொகுதி வேட்பாளர். நம் ஓட்டு தி.நகரில் இருக்கிறது, அதனால் நான் ஆசைப்பட்டாலும் அவருக்குப் போட முடியாது, அவரே அவருக்குப் போட்டுக்கொள்ளவும் முடியாது. சின்னம் என்ன ஒதுக்கினார்கள் தெரியுமா, தலையணை. பெண்பிள்ளைகள் தெருவில் சத்தமாகச் சிரித்தாலே முகம் சுளிக்கிற மனுஷன், தலையணையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மந்தைவெளியில் வீடு வீடாகப் போய், தாய்மார்களே தலையணையை மறந்துவிடாதீர்கள் என்று கும்பிடுகிறார். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறார்கள். அது நாணமாம், நம் பண்பாடு இன்னும் சாகவில்லையாம், எனக்கு விளக்கம் சொல்கிறார். அபிராமபுரத்தில் ஒரு அடுக்குமாடி வாட்ச்மேன், மெத்தை தலையணை எல்லாம் போன வாரமே வாங்கிவிட்டார்கள் என்று கேட்டைச் சாத்திவிட்டான்.

இவருடைய பெரிய வாக்குறுதி என்ன என்றால், பெற்றவர்கள் கையெழுத்து இல்லாமல் எந்தக் கல்யாணத்தையும் பதிவு செய்யக் கூடாது என்று சட்டம் கொண்டு வருவாராம். யாரை நினைத்து என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ புகழேந்தியைக் கட்டிக்கொண்டு போன இந்த நாலு வருஷமாக இந்த வீட்டில் உன் பேரை யாரும் சொல்லக் கூடாது, நானே உன்னை "அங்கே" என்றுதான் சொல்கிறேன். வேனில் நின்று அவர் அதைப் பேசும்போதெல்லாம் நானும் பக்கத்தில் கும்பிட்டபடி நிற்கிறேன். அவர் எம்.எல்.ஏ. ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன, கண்ணை மூடுவதற்குள் உன்னை வீட்டுக்குள் வா என்று கூப்பிடுவாரா, அது ஒன்றுதான் எனக்குக் கவலை.

வியாழக்கிழமை ஆற்றோரத்துக் குடியிருப்புக்குப் போனோம். ஓட்டுக் கேட்டுப் போகிற இடத்தில் குழந்தைக்குப் பேர் வைக்கச் சொல்வார்கள் என்று வெள்ளைத்துரை முன்பே சொல்லியிருந்ததால் சாவித்திரி, நளாயினி, அருந்ததி என்று ஒரு பட்டியல் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார் அப்பா. கயல் என்று ஒரு பெண், பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட இருக்காது, நைனா, நீயே ஒரு நல்ல பேரா வெச்சுட்டுப் போ என்று குழந்தையை அந்தத் தலையணை மேலேயே வைத்துவிட்டாள். விழுந்துவிடுமே என்று இவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார், பட்டியலை எடுக்கக் கை இல்லை. அது கண்ணை விழித்து இவரையே பார்த்தது. உன்னை நர்சு முதலில் கையில் கொடுத்தபோது மூச்சு விடாமல் நின்றாரே, அதே மாதிரி நின்றார். ஷண்முகப்ரியா என்றார். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கூப்பிடுவாரே, அப்படி முழுசாக. விவரம் தெரியாத வெள்ளைத்துரை மைக்கில் ஷண்முகப்ரியா வாழ்க என்று கத்த, சந்தே திருப்பிக் கத்தியது. வீட்டில் முணுமுணுக்கக்கூட முடியாத பேர், ஏட்டி, நாலு ஒலிபெருக்கியில். நான் வேன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன், ஏழைகளின் துயரம் கண்டு வேட்பாளரின் மனைவி கண்ணீர் என்று அதையும் வீடியோ போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண், இன்னா நைனா, பேரு இம்மாம் நீளமா கீது, கூப்புட்டு முடிக்கறதுக்குள்ள அது ஸ்கூலுக்கே போய்டும் என்றாள். சுருக்காதேம்மா, முழுசா கூப்பிடு என்றார் அப்பா. அடுத்த சந்தில் கொடுத்தது ஆண் குழந்தை, தப்பித்தோம்.

அதற்கப்புறம் பேச்சில் அந்தக் கையெழுத்துச் சட்டம் வருகிற இடத்தில் அவருக்கு இருமல் வந்துவிடுகிறது. தண்ணீர் குடித்துவிட்டு நேரே மழைநீர் வடிகாலுக்குப் போய்விடுகிறார். ஏன் அண்ணாச்சி விட்டுவிட்டீர்கள் என்று வெள்ளைத்துரை கேட்டதற்கு, வெயில் என்று பதில். நேற்றுச் சாப்பிடும்போது ரசத்தைப் பார்த்துக்கொண்டே, அங்கே இன்னும் குளிர்தானா என்றார். பேப்பரில் போட்டிருப்பான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நாலு வருஷத்துக்கு எனக்கும் கொஞ்சம் ரோஷம் இருக்காதா.

நீ காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே, மாப்பிள்ளையும் ராத்திரி கண் விழித்து வேலை பார்க்க வேண்டாம். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பொறுத்துக்கொண்டு நூறு வயது இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். ஒன்று மறக்காதே. எந்தக் கவரையும் பிரித்த கையோடு கிழித்துப் போடுவது உன் பழக்கம், இதைப் போட்டுவிடாதே. என் கையெழுத்து அந்த ஊர்த் தபால்காரனுக்குப் புரியாது என்று கவரைப் பிடுங்கிக்கொண்டு போய் விலாசம் எழுதியது உங்க அப்பா. வீட்டு எண்ணிலிருந்து பின்கோடு வரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கிலீஷ் விலாசத்துக்கு மேலே தமிழில் ஒரு வரி இருக்கும் பார், மாப்பிள்ளை திரு. புகழேந்தி, மகள் ஷண்முகப்ரியா என்று.

ஆசிகளுடன்,
உன் அம்மா,
சு. சொர்ணம்.