நீ தந்த ஐம்பதாயிரம்

கொக்கட்டிச்சோலை
10.05.2025

அன்பு மச்சான் ஆதம்பாவாவுக்கு,

எங்கள் கட்சிக்கு நீ ஐம்பதாயிரம் ரூபா நன்கொடை தந்திருக்கிறாய். நன்றி சொல்ல இரண்டு மாதம் பிந்திவிட்டது. நீ தந்தது உனக்கே தெரியாது என்பதால் கோபித்திருக்க மாட்டாய்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பற்றுச்சீட்டு எழுதியவன் நான்தான். வாவிக்கரை மக்கள் அணிக்கு நான் பொருளாளர் என்பது உனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் வணிகக் கல்வி படிப்பித்தவன் என்று அந்தப் பதவியைத் தந்தார்கள். வீட்டில் சீனி முடிந்ததுகூட எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிய வரும் என்பதை என் மனிசி அவர்களிடம் சொல்லவில்லை.

கம்பனியோ தொழிற்சங்கமோ இருபத்தையாயிரம் ரூபாவுக்கு மேல் எங்களுக்குத் தரக்கூடாது, தனி ஆள் ஐம்பதாயிரம் வரை தரலாம் என்று கட்சி விதி இருக்கிறதல்லவா, அதை எழுதியதும் நான்தான். அது நிறைவேறிய கூட்டத்தில் எனக்கு நானே கை தட்டுவது போல ஒரு படம் இருக்கிறது. மார்ச் மாதம் உங்கள் அரிசி மில் தொழிற்சங்கத் தலைவி அன்னப்பூரணி முப்பதாயிரம் கொண்டு வந்தா. மேடைக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, கால் மணித்தியாலம் கொள்கை பேசி, மேலதிகமான ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "அஞ்சாயிரம் திருப்பித் தாறதுக்கு மாலை எதுக்கு சேர், கையில தாங்களன்" என்றா. சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதே கிழமை உன் முதலாளி ரதீஸ் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். புரியாணி. கம்பனி தந்தால் இருபத்தையாயிரம்தான் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, "கம்பனி தரல்ல மாமா. எங்கட ஆக்கள் ஆசப்பட்டுத் தாறாங்க. இருவது பேர், ஆளுக்கு ஐம்பது" என்று கையெழுத்துகள் இருந்த ஒரு தாளை எடுத்தான். அவன் பெயர் வாசித்தான். நான் எழுதினேன். இடக்கையால் எழுத வராது என்பதால் சாப்பிட்ட கையாலேயே எழுதினேன். இருபது பற்றுச்சீட்டிலும் என் பெருவிரல் எண்ணெய் இருக்கிறது.

பத்தொன்பதாவதாக "ஆதம்பாவா" என்றான். என் கை நின்றது.

"மை முடிஞ்சிட்டா மாமா?"

"இல்ல மனே, பல்லுல எலும்பு" என்றேன்.

எழுதிவிட்டேன் மச்சான்.

அந்தப் பத்து இலட்சமும் பதாகையாகவும் ஒலிபெருக்கியாகவும் போய்விட்டது. என் தங்கச்சி மகள் தனுஷியா பதினொரு வாக்கால் பிரதேச சபைக்கு வென்றுவிட்டாள். இப்போது யார் யார் என்ன தந்தார்கள் என்று பெயர் விபரத்துடன் தேர்தல் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். இந்த மாதம் இருபத்தெட்டுக்குள். பட்டியலை நான் தயாரிக்க வேண்டும், அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பொய்ப் பட்டியல் என்று பிடிபட்டால் அவளுடைய சபைக் கதிரையும் போகும், பெயரும் போகும்.

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான். யாராவது வந்து கேட்டால் "ஓம், நான்தான் தந்தேன்" என்று சொல்வாயா? ஒரே ஒரு சொல்.

மண்முனைப் பாலம் கடந்தால் காத்தான்குடி அரை மணித்தியாலம். ஆனாலும் தபாலில் போடுகிறேன். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இது வாயில் வராது. வட்ஸ்அப்பில் போட்டால் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்புவார்கள். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும், நானே செய்கிறவன்.

றபீக்காவுக்கும் மகள் பஹீமாவுக்கும் என் அன்பு.

உன்,
அழகரத்தினம்


காத்தான்குடி
15.05.2025

அன்புள்ள அழகு,

இறைவன் கிருபையால் நாங்கள் நலம். உன் கடிதம் கிடைக்கும் வரைக்கும் என்று சேர்த்துக்கொள்.

றபீக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "ஐம்பதாயிரம் இரிந்தா கூரைத் தகரத்த மாத்தியிரிக்கலாமே" என்றாள். பிறகு அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. ஒளித்து வைத்திருந்தேன் என்று நினைக்கிறாளோ தெரியாது.

அந்தத் தாள் எனக்கு நினைவிருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் சேர்த்து ஆளுக்கு ஐயாயிரம் முற்பணம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். தொழுகைக்கு நேரமாகிறது, போட்டுவிட்டு ஓடினேன். அந்த ஐயாயிரத்தை இப்போது சம்பளத்தில் வெட்டுகிறார்கள். ஆக, முற்பணம் வாங்கிய அதே தாளில் ஐம்பதாயிரம் தானமும் செய்திருக்கிறேன். பெரிய மனிசன்தான் நான்.

விசயம் விளையாட்டில்லை. எங்கள் குடும்பத்துக்கு அரசாங்கத்தின் அஸ்வெசும கொடுப்பனவு வருகிறது. முதல் பட்டியலில் பெயர் இல்லாமல் போய், மேன்முறையீடு செய்து, வீட்டில் கோழி எத்தனை என்பது வரைக்கும் எழுதிக் கொடுத்துக் கிடைத்தது. அந்தக் காசில்தான் பஹீமா வகுப்புக்குப் போகிறாள். கட்சிக்கு ஐம்பதாயிரம் கொடுத்தவன் வறியவனா என்று ஒருவன் கேட்டால் நான் என்ன சொல்ல? நீ கொடுக்கும் பட்டியலை யாரும் போய்ப் பார்க்கலாமாமே.

நீ கேட்ட அந்த ஒரு சொல்லை என்னால் சொல்ல முடியாது மச்சான். என் பெயரை எடுத்துவிடு. முப்பது வருடச் சிநேகத்தில் நான் உன்னிடம் கேட்கும் முதல் உதவி இது என்று நினைக்கிறேன். சைக்கிள் பம்ப் கேட்டதைக் கணக்கில் சேர்க்காதே.

ஆதம்பாவா


கொக்கட்டிச்சோலை
17.05.2025

மச்சான்,

உன் பெயரை எடுத்துவிட்டேன். இனி உன் சோறு செமிக்கட்டும்.

இருபது என்ற கணக்குக் குறையக்கூடாதே, அதனால் உன் இடத்தில் என் பெயரைப் போட்டேன். மனிசிக்குத் தெரிந்தால் எங்கே அந்த ஐம்பதாயிரம் என்று அலுமாரியைக் கவிழ்ப்பாள். தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கோ நித்திரை இல்லை, வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றால் உள்ளே போய்விடுகிறேன். நேற்று வந்தவன் கருவாடு விற்கிறவன். அவன் "ஐயா, கணக்கு ஒண்டு இரிக்கி" என்றான், நான் கதவைச் சாத்தப் போனேன். பழைய கருவாட்டுக் கடன் முந்நூறு ரூபா. ஐந்நூறு கொடுத்து மிச்சம் வேண்டாம் என்றேன். இப்போது சந்தியில், சேருக்கு ஏதோ வருமானம் வந்திருக்கிறது என்று கதை.

தனுஷியாவை நினைத்தால்தான் பயம். வெசாக் லீவில், செவ்வாய்க்கிழமை, வந்து பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கேட்டாள். கொடுக்காமல் இருக்க முடியுமா, வேட்பாளர் அவள்தானே. பின்னேரமே கொண்டு வந்து தந்துவிட்டாள். "மாமாட எழுத்து நல்ல வடிவு" என்றாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. பாவம், பிள்ளை கணக்கு விளங்காது. மில்லில் இருந்து கழிவுநீர் வயல் வட்டைக்குள் இறங்குகிறது, வயல்காரர் சத்தம் போடுகிறார்கள். அடுத்த மாதம் அது சபைக்கு வருமாம். ரதீஸ் இரண்டு தரம் எனக்குப் போன் எடுத்து "தங்கச்சி சுகமா மாமா" என்று கேட்டான். தனுஷியாவுடைய சுகத்தை அவன் முன்னர் கேட்டதே இல்லை.

நீ யாரிடமும் வாய் திறக்காதே. இருபத்தெட்டு வரைக்கும் பொறு. பிறகு இந்த விசயம் ஒரு அலுவலகக் கோவைக்குள் போய்ப் படுத்துவிடும்.

அன்புடன்,
அழகு


காத்தான்குடி
21.05.2025

அழகு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. என் பெயரை எடுத்ததற்கு நன்றி.

அன்று மத்தியானம் மில்லில் சாப்பிட உட்கார்ந்தோம். அன்னப்பூரணி தன் சோற்றுப் பெட்டியில் இருந்து எனக்கு ஒரு பொரியல் மீன் வைத்தா. வழக்கமாக வைப்பாதான். அவவும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவ. பிள்ளைகள் இரண்டு, மனிசன் இல்லை, அவவுக்கும் அஸ்வெசும. நீ மாலை போட்டு ஐயாயிரம் திருப்பிக் கொடுத்த அதே ஆள் உன் பட்டியலில் ஐம்பதாயிரம் தந்திருக்கிறா. அந்த மீனை அவவின் பெட்டியிலேயே திரும்ப வைத்தேன்.

என் இடத்தில் உன் பெயரைப் போட்டாய். மற்றப் பத்தொன்பது பேரின் இடத்திலும் யாரைப் போடப் போகிறாய்? உன் மாமியையா?

நேற்றுக் காலை முதலாளியிடம் போய் அந்தத் தாளைக் கேட்டேன். ஆர் சொன்னது என்று கேட்டான். சொல்லவில்லை. "அந்தத் தாள் முற்பணத்துக்குத்தான் தம்பி. நாங்க ஒருத்தரும் கட்சிக்குக் குடுக்கல்ல. அத எழுதித் தாங்க" என்றேன். அவன் சிரித்தான். "ஆதம்பாவா நானா, உங்களுக்கு வயசு போயிட்டு. தராசில பிழ விடுறீங்க எண்டு கதை இரிக்கி. வீட்ட இரிங்க, இனி வேலைக்கு வர வேணாம்" என்றான்.

இருபத்திரண்டு வருடம் அந்தத் தராசில் நெல் லொறி நிறுத்தேன். ஒரு கிலோ பிழை என்று எந்த வயல்காரனும் சொன்னதில்லை. உன் கடிதத்தில் இருபத்தெட்டுக்குள் கொடுக்க வேண்டும் என்று இருந்ததால்தான் நேற்றே போய்க் கேட்டேன். நாள் இருந்திருந்தால் சங்கத்தில் எல்லாரும் சேர்ந்து கேட்டிருப்போம்.

இனி உன் கையில். கம்பனிதான் தந்தது என்று எழுது. அப்படி எழுதினால் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பு. இல்லாவிட்டால் ஒன்றும் அனுப்பாதே.

ஆதம்பாவா


கொக்கட்டிச்சோலை
28.05.2025

அன்பு மச்சான்,

எழுதிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதம் வந்த பிறகு நான்கு நாள் பட்டியலைத் தொடவில்லை. மனிசி வைத்தியரிடம் போகச் சொன்னாள். ஞாயிறன்று சைக்கிளை எடுத்து மண்முனைப் பாலத்தின் நடுவரைக்கும் வந்தேன். உன் வாசலில் நின்று என்ன சொல்வது என்று யோசித்தேன். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் "மீன் வாங்க வந்தநீங்களா" என்று கேட்டார். ஓம் என்று சொல்லி, தேவையில்லாமல் ஒரு கிலோ செல்வன் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இதிலும் நான் கோழைதான், பார்.

திங்கட்கிழமை உட்கார்ந்தேன். இருபது பெயரையும் வெட்டினேன், என் பெயரையும் சேர்த்து. ஒரே வரி எழுதினேன்: அரிசி ஆலைக் கம்பனி, பத்து இலட்சம், எங்கள் கட்சி விதிக்கு மாறாகப் பொருளாளர் பெற்றுக்கொண்டது. கீழே என் கையெழுத்து. பதவி விலகல் கடிதமும் எழுதினேன். அதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால் நிறையவே இருந்தது. இரண்டாம் தரம் நல்ல தாளில் எழுதினேன்.

இன்று விடிய வெள்ளணக் குளித்து, வெள்ளைச் சேட் போட்டு, தனுஷியா வீட்டுக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன். புரியாணி, தாள், நீ, அன்னப்பூரணி, எல்லாம். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். "உன்ர கதிரை போனாலும் பரவாயில்ல புள்ள, கையெழுத்துப் போடு, நான் கொண்டு போய்க் குடுக்கிறன்" என்றேன்.

அவள் தேத்தண்ணியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, "மாமா, நான் எப்பவோ குடுத்திட்டன்" என்றாள்.

உள்ளே போய்ப் பிரதியை எடுத்து வந்தாள். என்னுடையதைப் போலத்தான், ஒரே வரி. கம்பனி, பத்து இலட்சம். கட்சி விதியை மீறியதற்குத் தானே பொறுப்பு என்றும் எழுதியிருந்தாள், என் பெயர்கூட இல்லை. கழிவுநீர் விசயத்தில் மில்லுக்கு எதிராகத்தான் வாக்களிப்பேன் என்று கட்சிக்கும் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறாள். அவர்கள் விசாரணை வைத்திருக்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரியாது. பொருளாளர் நான்.

"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மில் ஆக்கள் இருவது பேரும் ஒரே எண்ணெய்க் கையோட வந்தவங்களா மாமா?"

"மறுகா ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"உங்களிட்டச் சொன்னா அண்டைக்கே சந்தியில கேக்கும்" என்றாள்.

கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரி. இந்த மூன்று கிழமையும் நான் வாயை மூடியிருந்த ஒரே விசயம் இதுதான். அதையும் தவறான ஆளிடம் மூடியிருக்கிறேன்.

நீ கேட்ட கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன், என்னுடையது, நல்ல தாளில் எழுதியது. அது எங்கும் போகவில்லை. போனது தனுஷியாவுடையது. அதன் பிரதியையும் இத்துடன் வைக்கிறேன். உன் பெயரோ மற்றவர்களின் பெயரோ அதில் இல்லை, அஸ்வெசுமவுக்கு ஒன்றும் ஆகாது. அன்னப்பூரணியிடம் காட்டு. உன்னைத் திரும்பத் தராசில் ஏற்றச் சொல்லிச் சங்கம் கேட்கப் போகிறதாம், தனுஷியாவும் வருவதாகச் சொல்கிறாள். நானும் வரட்டுமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பிரதியில் தேர்தல் அலுவலக முத்திரை கொஞ்சம் மங்கல். வெளிச்சத்தில் பிடித்துப் பார். பெற்றுக்கொண்ட திகதி மே 14. நீ முதலாளியிடம் போனது 20.

அழகரத்தினம்