அழிக்கப்பட்ட எஞ்சின் எண் குறித்து அண்ணனுக்கு

மதிப்பிற்குரிய அண்ணன் கோதண்டன் அவர்களின் மேலான கவனத்திற்குத் தங்கை தனலட்சுமி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் மறைந்து பதினொரு மாதங்கள் கழித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். ஊராருக்கெல்லாம் மனு எழுதும் கை, உங்களுக்கு எழுத மட்டும் இத்தனை நாள் எழவில்லை.

நேரில் உங்களை 'நீ' என்றுதான் அழைத்தேன். தாளில் எனக்கு அது வருவதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள், பழைய அரசாணைகளையும் விண்ணப்பப் படிவங்களையும் படித்துப் படித்துத் தானாகக் கற்ற நடை இது. "எங்க பாப்பா எழுதுனா கலெக்டரே எழுந்து நின்னு படிப்பாரு" என்று அம்பத்தூர் லேத் பட்டறை முழுக்கச் சொல்லித் திரிந்தவர் நீங்கள்.

போக்குவரத்து அலுவலகத்திற்கு எதிரே அதே மரத்தடியில்தான் இன்னமும் மனு எழுதுகிறேன். ஆனால் எனக்கு அலுவலகமாக இருந்த நம் கார் அங்கே இல்லை. முன்பு பின்னிருக்கையில் இருந்த பிரிண்டர் இப்போது டீக்கடை மேசையில் இருக்கிறது, நான் பிளாஸ்டிக் நாற்காலியில். மழை வந்தால் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கார் சேக்காட்டில், வீட்டு வாசலில், ஓட்டக் கூடாத வண்டியாக நிற்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செம்பரம்பாக்கம் சாலையில் தேங்கிய நீரில் காரை இறக்கி, எஞ்சினை நான் பாழாக்கிய மழைக்காலம் நினைவிருக்கிறதா? நீங்களும் மெக்கானிக் தாஸும், பழைய இரும்புக்காக உடைக்கப்பட்ட வண்டி ஒன்றிலிருந்து வேறு எஞ்சினைத் தேடிப் பிடித்தீர்கள். எஞ்சினை மாற்ற முன் அனுமதி பெற வேண்டும், புதிய எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும் என்று, காய்ச்சலில் படுத்தபடியே ஒரு பக்க மனு எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தேன். ஒரு வாரத்தில் வண்டியையும் சான்றையும் கொண்டுவந்து விட்டீர்கள். "எல்லாம் முடிஞ்சிச்சி பாப்பா. நீ உன் வேலயப் பாரு" என்றீர்கள். ஒப்புகைச் சீட்டு எங்கே என்று வருகிறவர்களையெல்லாம் அதட்டுகிற நான், உங்களைக் கேட்கவில்லை. சான்றைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

சென்ற மாதம் காருக்குப் பதினைந்து ஆண்டுகள் நிறைந்தன. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்காக எஞ்சின் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தேன். சான்றோடு ஒப்பிட்டேன். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. சான்றில் இருப்பது பழைய எஞ்சினின் எண்; அன்றைய மனுவில் நானே எழுதிய எண். வேறோர் எஞ்சினில் அதே எண் எப்படி இருக்கும்?

அந்த எண்ணில் இரண்டு நான்குகள் இருந்தன. இரண்டுக்கும் கால் பாதியில் உடைந்திருந்தது. என் டிபன் கேரியர் மூடியில் நம் கதவு எண்ணை, பட்டறையில் 'பஞ்சு' என்கிற எண் பொறிக்கும் இரும்பு அச்சால் அடித்துத் தந்த அன்று நீங்கள் சிரித்தது நினைவுக்கு வந்தது. "பஞ்சு மொக்கையாயிடுச்சி பாப்பா, நாலு நொண்டுது." மூடியையும் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். உங்கள் கை அது. நீங்கள் விட்டுப்போனவற்றில் உங்கள் கையெழுத்து என்று சொல்லத்தக்கது எனக்கு இவை இரண்டும்தான். அவற்றில் ஒன்று குற்றமாக இருக்கிறது.

தரகர் ஏழுமலையிடம் மட்டும் சொன்னேன். "கம்முனு வுடுக்கா. ரெண்டும் ஒண்ணா கீதுல்ல? யாரு உத்துப் பாக்கப் போறாங்க" என்றார். எழுத வெட்கமாக இருக்கிறது, அண்ணா. ஒன்றும் சொல்லாமலேயே வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோனேன்.

ஆய்வாளர் இளம்பெண். டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க எதிர்ல மனு எழுதறவங்கதானே?"

"ஆமாம்."

"இந்த நாலு கம்பெனி நாலு இல்லம்மா. யார் அடிச்சது?"

அவர் குரலை உயர்த்தவில்லை.

"இருந்த நம்பரை அரைச்சு எடுத்திருக்காங்க. இது திருட்டு எஞ்சினா இல்லையான்னு நான் எதை வெச்சுச் சொல்றது? அந்த நம்பர் இருந்தாலாவது பழைய ஓனரைத் தேடலாம். இதுக்கு நான் சான்று தர முடியாதும்மா. யார் செஞ்சதுன்னு எழுத்துல விளக்கம் குடுங்க. வர்ற திங்கக்கிழமைக்குள்ள."

மறுநாள் ரயிலேறி வேப்பம்பட்டுக்கு, தாஸ் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நீ வருவேன்னு தெரியும் தங்கச்சி. அண்ணாத்தே உன் மனுவ எடுத்துகினு கவுண்டருக்குப் போச்சு. எஞ்சினுக்கு பில்லு, பழைய ஓனர் பேப்பர்லாம் கேட்டாங்க. ஒடச்ச வண்டிக்கு நம்மகிட்ட ஏது பில்லு? மனுவத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அதை அண்ணன் என்னிடம் சொல்வதற்கென்ன?"

"நானும் அதான் கேட்டேன். 'டேய், அது எழுதுன மனு இதுவரைக்கும் திரும்புனதே இல்லடா. அதுகிட்ட போயி நான் எப்பிட்ரா சொல்றது'ன்னுச்சு. அன்னிக்கே பட்டறையிலேந்து பஞ்சு செட்ட எடுத்துகினு வந்துருச்சு."

உள்ளே சென்று, ரெக்சின் பையிலிருந்து அந்த மனுவைக் கொண்டுவந்து தந்தார். நான்காக மடித்தது. 'பணிவன்புடன்' என்ற சொல்லின்மேல் உங்கள் கட்டைவிரலின் எண்ணெய்க் கறை. அழித்த எண் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "கிரைண்டர் வெச்சது அண்ணாத்தே. குறிச்சி வெச்சிதா இல்லியான்னு எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார்.

இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். என் மனுக்கள் திரும்பியிருக்கின்றன, அண்ணா. பல முறை. தேதி தவறி, இணைப்பு விடுபட்டு, சில வேளை என் சொல்லே தவறாகி. திரும்பியவற்றை வீட்டுக்கு வரும் வழியிலேயே கிழித்துப் போட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்து, 'என் மனு திரும்பியதில்லை' என்று உங்கள் எதிரில் சொல்லிக்கொள்வேன். நீங்கள் நம்பினீர்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தானே எண்ணை அரைத்தீர்கள்? அன்று நான் ஒரு முறை உண்மையைச் சொல்லியிருந்தால், நீங்கள் அந்த மனுவோடு வீட்டுக்கு வந்திருப்பீர்கள் அல்லவா?

விளக்கக் கடிதத்தை ஏழு முறை எழுதிவிட்டேன். "வாங்கும்போதே அப்பிடித்தான் இருந்துச்சின்னு எழுது. இல்லன்னா அண்ணன் பேரப் போட்டுட்டு கம்முனு இரு. போனவர இன்னா பண்ணிடப் போறாங்க" என்கிறார் ஏழுமலை. எதை எழுதினாலும் வண்டிக்குச் சான்று கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். இந்த எஞ்சினை இறக்கிவிட்டு, முறையான ரசீதோடு இன்னொன்றைத் தேட வேண்டும். பதினைந்து வயதான வண்டிக்கு அப்படியோர் எஞ்சின் கிடைப்பது அரிது என்று தாஸ் சொல்லிவிட்டார். கிடைத்தாலும், இறக்குவது உங்கள் கடைசி வேலையை. இல்லையேல் காரை உடைக்கக் கொடுத்துவிட வேண்டும். தினமும் காலையில் ஒரு முறை அதை இயக்கிப் பார்க்கிறேன். முதல் திருகலிலேயே கிளம்புகிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் பெயரை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு முந்தைய வரியில் என் பெயர் இருக்கும். மனு திரும்பியதை ஒரு மனிதர் தன் தங்கையிடம் சொல்ல அஞ்சும்படி வைத்திருந்தவள் நான் என்பதை, எனக்குத் தெரிந்த நல்ல தமிழில் எழுதுவேன். அதுவும் திரும்பி வரும். இம்முறை கிழிக்க மாட்டேன்.

ஒரேயொரு விவரம் தேவைப்படுகிறது. அரைத்து எடுப்பதற்கு முன் அந்த எண்ணை எங்காவது குறித்து வைத்தீர்களா? பட்டறை நோட்டுகளைப் பார்த்துவிட்டேன். அண்ணி பழைய காலண்டர்களை எடுத்துத் தந்தார்கள், அவற்றிலும் இல்லை. உங்கள் சட்டைப் பைகளிலும் தேடினோம். திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன.

விரைவில் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
பாப்பா